மோரீஷஸ் தீவில் குடியேறிய தமிழர்

ஒரு குலத்தாருடைய சரித்திரம் அவர்தம் ஊரெல்லையோடு முடிந்துவிடுவதன்று. ஊரிலிருந்து வாழ்ந்தோரின் பெயர்கள் கோயிற் கல்வெட்டிலும் பட்டா பத்திரங்களிலும் நிலைபெற்றிருக்கின்றன. ஊரை விட்டுச் சென்றோரின் பெயர்களோ பெரும்பாலும் எழுதுவாரின்றி மறைந்துபோயின. “பெரிய பாட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தார், அவர் கப்பலேறிப் போய்விட்டார்” என்று முதியோர் சொல்லும் ஒரே வாக்கியத்தோடு ஒரு கிளையின் கதை முற்றுப்பெற்றுவிடும் வீடுகள் நம்மிற் பல. அவ்வாறு கப்பலேறினாரில் ஒரு பகுதியார் சென்றடைந்த மோரீஷஸ் தீவைப்பற்றியும், அங்கு அவர்கள் வாழ்க்கையை நிலைநாட்டிக்கொண்ட விதத்தைப்பற்றியும் நம் சங்கத்து அன்பர்கள் அறிந்துகொள்வது அவசியமெனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம். நம் கடைகளில் ‘மோரிஸ்’ என்று வழங்கும் வாழைப்பழம் இத்தீவின் பெயரைத் தாங்கியதே. பழத்தின் பெயரை அறிந்த நாம் அங்குச் சென்ற மனிதரை மறந்திருத்தல் தகுதியன்று.

தீவும் முதலில் வந்தாரும்

மோரீஷஸ் என்பது மடகாஸ்கர் தீவுக்குக் கிழக்கே 500 மைலுக்கு மேல் தொலைவில், இந்து மகாசமுத்திரத்தின் தென்பாகத்தில் உள்ளது. அதன் பரப்பு சுமார் 720 சதுர மைல். பழங்குடிகள் என்று சொல்லத்தக்கார் அங்கு ஒருவருமிலர். அங்குள்ளார் அனைவரும், அல்லது அவர்தம் முன்னோர் அனைவரும், கடல் கடந்து வந்தாரே. ஒல்லாந்தர் 1638ல் குடியேறி, ஜாவாவிலிருந்து கரும்பைக் கொணர்ந்து நட்டு, 1710ல் தீவைக் கைவிட்டுச் சென்றனர். 1715ல் பிரஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர்.

1735 முதல் 1746 வரை அங்குக் கவர்னராயிருந்த லாபூர்தொனே என்பவரே போர்ட் லூயி நகரத்தைத் துறைமுகமாகச் சமைத்தவர். கப்பல் துறையும், ஆஸ்பத்திரியும், நீர்க்காலும், பாதைகளும் அமைப்பதற்குக் கைதேர்ந்த தொழிலாளர் அவருக்கு வேண்டியிருந்தது. அவர் புதுச்சேரியிலிருந்து கொத்தரையும் தச்சரையும் கொல்லரையும் ஒப்பந்தத்தின்மேல் வருவித்தார். 1746ல் கடற்படையோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவரும் இந்த லாபூர்தொனேயே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பயின்றார்க்கு இவர் பெயர் புதிதன்று. இவ்வாறு கைவினை செய்யச் சென்றாரேயன்றி, இந்தியக் கரைகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டாரும் உண்டு என்பதை நாம் மறைத்தல் கூடாது. நம்மவரின் பெருமையை மட்டும் சொல்லித் துயரை விடுவது சரித்திரமாகாது.

தமிழரைப் பிரஞ்சுக்காரர் ‘மலபார்’ என்றே வழங்கினர். போர்ட் லூயியின் புறத்தே அவர்கள் குடியிருந்த பகுதி ‘மலபார் முகாம்’ எனப் பெயர்பெற்றது. 1768ல் அங்குச் சென்று சில ஆண்டு தங்கிய பெர்னார்தேன் தெ சேன்பியேர் என்னும் பிரஞ்சு நூலாசிரியர், இவர்கள் புதுச்சேரியிலிருந்து குறித்த வருஷங்களுக்கு ஒப்புக்கொண்டு வருவோர் என்றும், ஏறக்குறைய யாவரும் கைத்தொழிலாளர் என்றும் எழுதியிருக்கின்றனர். ஆகவே நம்மவர் அத்தீவில் கால் வைத்தது கரும்புத் தோட்டக் கூலிகளாக மட்டுமன்று. அந்நகரத்தின் முதற் சுவர்களை எழுப்பினாரிற் சிலர் தமிழ்க் கொத்தரே.

ஒப்பந்தக் கூலிகள்

1810ல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். சர்க்கரைத் தொழில் பெருகிற்று. 1835 பிப்ரவரி 1ந் தேதி அங்கு அடிமை முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. விடுதலை பெற்றோரில் மிகப் பலர் தாம் வருந்திய தோட்டங்களுக்குத் திரும்ப மனமிலராயினர். தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். 1834 நவம்பர் 2ந் தேதி ‘அட்லஸ்’ என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 கூலியாட்களோடு வந்து சேர்ந்தது. அதுமுதல் 1910 வரையில் வந்தோர் நாலரை லட்சத்துக்குக் குறையார். அவர்களிற் பெரும்பாலோர் பீகார் முதலிய வடநாட்டார். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் சென்னை ராஜதானியிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர்.

ஏன் சென்றனர் என்று வினவுவார்க்கு ஒரே விடை போதாது. மழை பொய்த்தமை, வரிச்சுமை, கடன், சீமைத் துணியால் தறி ஓய்ந்தமை, பண்ணையடிமை வாழ்விலிருந்து தப்பும் வேட்கை, குடும்பக் கலகம் ஆகிய இவை யாவும் காரணங்களே. இவற்றோடு ஆள் சேர்க்கும் மேஸ்திரிகளின் இனிப்பு வார்த்தைகளும் கூடின. ஆரம்ப காலத்து ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு. ஆண் ஆளுக்குச் சம்பளம் மாதம் 5 ரூபாய். அரிசி, பருப்பு, உப்பு முதலிய படி வேறு. திரும்பிவர இலவசப் பிரயாணமும் முதலில் இருந்தது. புதிதாக வருவோர்க்கு அது 1850களில் நிறுத்தப்பட்டது. அது நின்றபோதே, போனவர் மீள்வர் என்று ஊரில் காத்திருந்த பலருடைய நம்பிக்கையும் நின்றுபோயிற்று எனலாம்.

பாய்க்கப்பலிற் பிரயாணம் ஒரு மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். 1856ல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களில் வாந்திபேதி கண்டதாக, அவற்றிலிருந்தாரைக் காப்ரியேல் என்னும் சிறு தீவிற் போதிய தங்குமிடமும் நீருமின்றி இறக்கிவிட, இருநூற்றுக்கு மேற்பட்டார் மாண்டனர். கரை சேர்ந்தோர் போர்ட் லூயியில் 1849ல் ஏற்பட்ட குடியேற்ற நிலையத்தின் 16 கற்படிகளை ஏறி, எண் பெற்று, பதிவேட்டில் எழுதப்பட்டு, தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். அந்நிலையம் இன்று ‘ஆப்பிரவாசி காட்’ என்னும் பெயரோடு, 2006 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் போற்றப்படுகிறது. நவம்பர் 2ந் தேதி அந்நாட்டில் விடுமுறை நாள்.

தோட்ட வாழ்க்கை கொடியது. உத்தரவின்றி ஒரு நாள் வேலைக்கு வாராதவனுக்கு இரண்டு நாட் கூலி பிடிக்கப்படும். இதற்கு ‘இரட்டை வெட்டு’ என்று பெயர். ஒப்பந்தம் முடிந்தாரும் தம் படம் ஒட்டிய சீட்டின்றி வெளியே நடமாடினால் நாடோடி என்று சிறையிடப்பட்டனர். இக்கொடுமைகளை எடுத்துக்காட்டி 1871ல் 9,401 பேர் ஒரு விண்ணப்பம் செய்துகொண்டனர். அதனை முன்னின்று நடத்தியவர் அதோல்ப் தெ பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியர். அவருக்கு உறுதுணையாய் நின்றவர் இராஜரத்தின முதலியார் என்னும் தமிழர். அதன் பயனாக 1872ல் அரச விசாரணைக் கமிஷன் ஏற்பட்டு, 1875ல் அறிக்கை வெளிவந்து, சட்டங்கள் ஓரளவு திருத்தமுற்றன. எழுத்தறியாத கூலிகள் என்று இகழப்பட்டார் ஒன்றுகூடித் தம் குறையை முறைப்படி எழுதி அரசினர்முன் வைத்தது சிறிய காரியமன்று.

வாழ்க்கையை அமைத்துக்கொண்ட விதம்

ஒரு நாட்டில் நிலைபெறுதல் என்பது சம்பளம் வாங்குதல் மட்டுமன்று. வானமும் மண்ணும் பழகவேண்டும். மோரீஷஸ் பூமத்தியரேகைக்குத் தெற்கே இருத்தலால் அங்குப் பருவங்கள் தலைகீழ். நமக்குப் பனி பெய்யும் மார்கழி அங்குப் புழுக்கமும் மழையுமான காலம். நமக்குக் காற்றடிக்கும் ஆடி அங்குக் குளிர் காலம். நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் நிழல் வடபுறம் விழ, அங்குத் தென்புறம் விழும். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துபோகிறது. தைத்திங்களில் நாம் புதுநெல் குத்திப் பொங்கலிடுகிறோம். அங்கு நெல்லறுவடையென்பதே இல்லை. கரும்பு வெட்டு ஆனி வாக்கிற் தொடங்கி ஆண்டிறுதியில் முடிந்துவிடும். ஆயினும் நம்மவர் பஞ்சாங்கத்தை மாற்றினாரில்லர். புயல் வீசும் பருவத்திலேயே தைப்பூசம் வந்தாலும் அப்பருவத்திலேயே காவடி எடுத்தனர். இன்றும் எடுத்து வருகின்றனர். தைப்பூசம் அந்நாட்டில் அரசாங்க விடுமுறை.

தோட்டந்தோறும் மாரியம்மனுக்கும் திரௌபதியம்மனுக்கும் முதலிற் கல்லும் மரமும், பின்னர்க் கூரையும், பின்னர்க் கோபுரமும் எழுந்தன. தீமிதி இன்றளவும் நடைபெறுகிறது. போர்ட் லூயியில் ‘கைலாசம்’ என்று வழங்கும் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில் 19ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. கோர் தெ கார்த் என்னும் மலைச் சரிவில் முருகனுக்கும் கோயில் கண்டனர். குன்று கண்ட இடத்தில் குமரனைக் காணும் பழக்கம் கடல் கடந்தும் மாறவில்லை. ‘கோவில்’ என்னும் சொல்லையே அந்நாட்டு மற்றையோரும் வழங்குகின்றனர்.

உணவில் நம்மவர் விட்ட அடையாளம் இன்னும் சுவையானது. அங்குள்ளாரின் பொதுமொழியான கிரியோல், பிரஞ்சிலிருந்து பிறந்தது. அம்மொழியில் முருங்கைக்கீரைக்கு ‘பிரெத் முரும்’ என்று பெயர், பீர்க்கங்காய் ‘பிபங்காய்’, ரசம் ‘ரசோன்’. கலியாணங்களிலும் கோயில் விசேஷங்களிலும் வாழையிலையிற் படைக்கும் விருந்துக்கு ‘செத் காரி’, அதாவது ஏழு கறி, என்று பெயர். சீனரும் ஆப்பிரிக்க வமிசத்தாரும் இவ்விருந்தை விரும்பி உண்பர். அரிசி மட்டும் என்றும் கடல் வழியாகவே வரவேண்டியதாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942ல் பர்மா ஜப்பானியர் வசமாகவே அரிசி வரத்துத் தடைப்பட்டு, மக்கள் சோளத்தையும் மரவள்ளியையும் உண்டு காலங்கழித்தனர்.

துன்பங்களும் குறைவல்ல. 1866 முதல் 1868 வரை பரவிய மலேரியாச் சுரத்தில் பல்லாயிரவர் மாண்டனர். 1892 ஏப்ரல் 29ந் தேதி வீசிய புயலில் ஆயிரத்துக்கு மேற்பட்டார் உயிரிழந்தனர். இவற்றுக்கிடையே 1880ஐ ஒட்டிய காலத்தில் ஒரு நல்வழி பிறந்தது. சர்க்கரை விலை வீழ்ச்சியால் நெருக்கடியுற்ற முதலாளிகள் தம் தோட்டங்களின் ஓரங்களைத் துண்டுதுண்டாக விற்கலாயினர். சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த பொருளைக்கொண்டு, தவணை கட்டி, இந்தியக் குடியானவர் அத்துண்டுகளை வாங்கினர். கூலியாகச் சென்றவன் காணியாளனானான். சொந்த நிலத்தில் நட்ட முருங்கையும், கட்டிய பசுவும், வாயிலில் நிறுத்திய வேலுமே, இனி இதுவே நம் ஊர் என்னும் எண்ணத்தை அவனுக்கு அளித்தன. 1901 இறுதியில் மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் அத்தீவிற் சுமார் மூன்று வாரம் தங்கி, பிள்ளைகளைப் படிக்கவைக்குமாறும் பொதுக் காரியங்களில் தலையிடுமாறும் அவர்களுக்கு அறிவுரை கூறினார். அவ்வுரை வீண்போகவில்லை. 1968 மார்ச் 12ந் தேதி நாடு சுதந்திரம் பெற்றது. 1992 மார்ச் 12ந் தேதி அது குடியரசானபோது அதன் முதல் ஜனாதிபதியானவர் சர் வீராசாமி ரிங்காடு என்னும் தமிழ் வமிசத்தார். அந்நாட்டு 100 ரூபாய் நோட்டில் ரெங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழ் வக்கீலின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது.

பெயரும் ஜாதியும் மொழியும்

இனி நம் போன்ற சங்கத்தார் ஊன்றிக் கவனிக்கவேண்டிய விஷயத்துக்கு வருவோம். குடியேற்ற நிலையத்துப் பதிவேடுகள் இப்பொழுது மோக்கா என்னும் ஊரில், 1970ல் ஏற்பட்ட மகாத்மா காந்தி நிறுவனத்திற் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வந்தாருடைய எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், அங்க அடையாளம், ஜாதி, ஊர், ஜில்லா, கப்பல் ஆகியவை அவற்றிற் காணப்படும். பிற்காலத்தார் பலரின் புகைப்படமும் உண்டு. ஆனால் அவற்றை எழுதிய குமாஸ்தா நம் மொழியறியாதவர். கேட்ட ஓசையைப் பிரஞ்சு முறையில் எழுதினார். முத்து ‘மூட்டு’ ஆனார்; சின்னத்தம்பி ‘சினதம்பு’ ஆனார். ஒருவருடைய சொந்தப் பெயரே அவர் சந்ததியார் அனைவர்க்கும் என்றைக்கும் குடும்பப் பெயராய் நிலைத்துவிட்டது. ஊர்ப் பெயர்களும் அவ்வாறே உருமாறின.

ஜாதி என்னும் கட்டத்திலோ, சென்னையிலிருந்து சென்றார் பலர்க்கு ‘மலபார்’ என்ற ஒரே சொல்லே எழுதப்பட்டிருக்கிறது. அது ஜாதியன்று, தமிழன் என்பதற்கு அந்நாட்டார் வழங்கிய பெயர். வேளாளரும், கைத்தொழிலாளரும், நெசவாளரும், பண்ணையாட்களாய் ஒடுக்கப்பட்டிருந்தாரும் அந்தக் கட்டத்தில் ஒரே சொல்லாயினர்.

எழுத்தில் நிகழ்ந்த இது வாழ்விலும் நிகழ்ந்தது. ஒரே கப்பலில், ஒரே அண்டாவிற் சமைத்ததை உண்டு, ஒரே தளத்தில் உறங்கி வந்தார்க்கு ஊர்க் கட்டுப்பாடு எங்ஙனம் நிலைக்கும்? ஆரம்பத்திற் சென்ற பெண்டிர் மிகச் சிலர். பின்னரே துரைத்தனத்தார் நூறு ஆண்களுக்கு இத்தனை பெண்டிர் என்று விகிதம் வகுத்தனர். ஆகவே கலியாணம் செய்துகொள்ள விரும்பினார்க்குக் குலம் கோத்திரம் பார்த்தல் இயலாததாயிற்று. அண்டை வீட்டில் இருந்தவனே சம்பந்தி. ஒரே கப்பலில் வந்தவனே பங்காளி. இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழர் என்ற ஒன்றே பெரும்பாலோர்க்குச் சமூகப் பெயராய் நிலைத்தது.

மொழி வேறு வகையாய்ப் போயிற்று. கோயிலிற் காத்த தமிழ் நின்றது. வீட்டில் விட்ட தமிழ் நழுவிற்று. இன்று அத்தீவின் தமிழர் இல்லங்களிற் பேசப்படுவது பெரும்பாலும் கிரியோல். பள்ளிகளிற் தமிழ் விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் ஒரு செய்தியைக் கேளுங்கள். அந்நாட்டு நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழெழுத்து இருப்பது வழக்கம். 1998ல் புதிதாக வெளியிட்ட நோட்டுகளிற் தமிழை ஹிந்திக்குப் பின்னே வைத்தனர். தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அந்நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999ல் பழைய வரிசைப்படி மீண்டும் அச்சாயின. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாதார் பலர் அதன் இடத்துக்காக வாதாடினர் என்றால், இழந்த பொருளின் அருமை இழந்தார்க்கே தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. நாள்தோறும் தமிழ் பேசும் நாம் இதிற் கற்கவேண்டியது உண்டு.

நமது கடமை

நம்மிற் சிலர், கடல் கடந்து, கலந்து மணந்து, குலாசாரம் விட்டார் எங்ஙனம் நம்மவராவர் என்று கேட்கக்கூடும். அவர்க்கு நாம் கூறும் மறுமொழி இது: குலம் என்பதை ஒரு நூலுக்கு ஒப்பிட்டால், அதனை அறுத்தவர் அவரல்லர். ஊரிற் சோறு அளிக்கமாட்டாமல் அவரைத் துறைமுகத்துக்கு அனுப்பியது யார்? அவர் போனபின் கடல் கடந்தான் என்று தள்ளி, அவர் பெயரைச் சொல்லாது விட்டது யார்? அவரோ தெரியாத வானத்தின்கீழ் தம் தெய்வத்தையும், இலைபோட்டு உண்ணும் முறையையும், தகப்பன் பெயரையும் கைவிடாது காத்தனர். ஆசாரத்தைக் காப்பதற்கு ஊரார் கண் வேண்டியிருந்ததில்லை அவர்க்கு. ஜாதியை விட்டும் தமிழராய் நின்றார் என்பதில் நமக்கு வருத்தமன்று, படிப்பினையே இருக்கிறது.

அத்தீவின் தமிழர் வமிசத்தார் இக்காலத்தில் ஓர் எண்ணையும், உருமாறிய ஓர் ஊர்ப் பெயரையும் கையிற் கொண்டு தம் முன்னோர் ஊரைத் தேடி நம் நாட்டுக்கு வருகின்றனர். அவர்க்கு உதவும் எழுத்து அத்தீவில் இருக்கிறது; நம்மிடம் இருக்கவேண்டியது இல்லை. ஆகவே அன்பர்கள் இரண்டு காரியம் செய்யவேண்டுகிறோம். முதலாவது, தத்தம் இல்லத்து முதியோரிடம், தீவுக்குப் போனவர், கப்பலேறினவர் என்று கேள்விப்பட்டாரின் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப் பெயரின் பழைய வழக்கு, போன காலத்து நடந்த பஞ்சமோ திருவிழாவோ ஏதேனும் ஒன்று ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பழைய கடிதமோ மணியார்டர் ரசீதோ இருப்பின் கரையானுக்கு விடாது பேணவேண்டும். முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருதலின் இதற்குத் தவணை இல்லை. இரண்டாவது, அங்ஙனம் தேடி வருவார் எவரேனும் நம் வாயிலில் வந்து நின்றால், என்ன குலம் என்று முதலிற் கேளாது, எந்த ஊரென்று கேட்டு, இலை போடவேண்டும். அவருடைய பதிவேட்டில் அந்தக் கட்டம் பிழையாய் நிரப்பப்பட்டது. நாமும் அதனை நிரப்பப் புகுந்து இரண்டாம் பிழை செய்தல் வேண்டா.

நூற்றெழுபது ஆண்டுக்கு முன் பதினாறு படி ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் பேரர் வருகின்றனர். வருவாரை வரவேற்கும் தகுதி நம் வீடுகளுக்கு உண்டாகுக.